உன் அப்பாவுக்குக் கோபம் இல்லை

என் சின்னவனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் குழந்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், அது முதலில். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதிவிட்டு மேலே போகலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், கை அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பி வருகிறது, அதனால் இருக்கிறோம் என்ற மட்டில் வைத்துக்கொள். மழை ஓய்ந்து வெயில் வந்திருக்கிறது. மாடிப்படிக் கைப்பிடி ஆடிக்கொண்டிருந்ததே, அதைச் சரிசெய்தாகிவிட்டது. என் முழங்கால் அதன் இஷ்டத்துக்கு ஒரு நாள் வலிக்கிறது, ஒரு நாள் விட்டுவிடுகிறது. குழந்தைக்கு மேல்பல் வந்துவிட்டதா, எழுது.

போன வாரம் உன் அக்கா வந்திருந்தாள். நீ அவளிடம் போனில் சொன்னதையெல்லாம் அடுக்களையில் என் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள். "நான் இங்கயே வீடு வாங்கிட்டேன்னு அப்பாவுக்குக் கோபம், அன்னையிலேர்ந்து என்கூட ஒரு வார்த்தை பேசல, 'ம்'னு சொல்லிட்டு போனை அம்மாகிட்டக் குடுத்துடறார், இப்பல்லாம் கூப்பிட்டா வர்றதுகூட இல்ல" என்று சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணு, நன்றாகக் கேட்டுக்கொள், இதை இரண்டு தடவை படி. உன் அப்பாவுக்குக் கோபம் இல்லை. நீ அங்கே வீடு வாங்கியது அவருக்கு இன்று வரை தெரியவே தெரியாது. உன் அப்பாவுக்குக் காது கேட்கவில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போன் இருப்பது முன்னறையில், அவருடைய வேலை மேஜைக்குப் பக்கத்தில். அவருக்குக் கேட்காதுதான், ஆனாலும் அவர் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு அவர் காது போன கதையை உனக்குச் சொல்ல என்னால் ஆகாது. அதோடு, "யார்கிட்டயும் சொல்லாத, அவன்கிட்ட மட்டும் சொல்லவே சொல்லாத" என்று என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருக்கிறார். இத்தனை நாள் காப்பாற்றினேன். நீ அங்கே தனியாக உட்கார்ந்து அப்பா என்னை வெறுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் என்ன அம்மா. ஆகையால் வரிசையாகச் சொல்கிறேன்.

மருமகளுக்கு இதைப் படித்துக் காட்டுவாய், அவளுக்கு நம் வீட்டுத் தொழில் அவ்வளவாகத் தெரியாது, அதனால் அவளுக்கு ஒரு வார்த்தை. அம்மா, உன் மாமனார் ரிப்பேர் செய்வது அந்தக் காலத்து வால்வு ஆம்ப்ளிபயர். உள்ளே கண்ணாடிக் குமிழ் மாதிரி வால்வுகள் இருக்கும், அவை சூடேறினால்தான் ஸ்பீக்கரில் பாட்டு வரும். புதுப் பெட்டிகள் எத்தனை வந்தாலும் அந்தச் சத்தத்தில் மயங்கியவர்கள் அதை விட மாட்டார்கள், எங்கெங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வருவார்கள், தூக்கினால் இடுப்பு போய்விடும், அவ்வளவு கனம். உன் மாமனார் பழுது பார்ப்பதோடு நிறுத்த மாட்டார், பழைய பாகங்களுக்குப் பதிலாக உயர்ந்த பாகங்களைப் போட்டு, முன்னே இருந்ததைவிட மேலாக்கிக் கொடுப்பார். மக்கள் அதற்காகத்தான் வருவார்கள். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கிறவர் இருக்கிறார், அந்தக் கம்பிச் சுருளுக்குக் காயில் என்று பேர், அதனால் எல்லோரும் அவரைக் காயில் அண்ணன் என்பார்கள், அவர் சொல்வார், "உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு தவளையைக் குடுத்தாலும் குயிலாக்கிக் குடுத்துடுவார்" என்று.

போன வருஷம்தான் இது ஆரம்பித்தது. எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் "மந்தமா இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார். பாட்டுக்கு மேல் போர்வை போர்த்தினாற்போல் இருக்கிறதாம். கண்டென்சர் என்கிற பாகத்தை மாற்றினார், போர்வை விலகவில்லை. வால்வுகளை மாற்றினார், புது வால்வும் மந்தம் என்றார், இப்போது செய்கிறவர்களுக்கு அக்கறை இல்லை என்று அவர்களைத் திட்டினார். பிறகு உள்ளே இருக்கிற அளவுகளையே மாற்றி, மேல் சத்தம் தூக்கலாக வருகிற மாதிரி ஒவ்வொன்றையும் திருத்த ஆரம்பித்தார். காயில் அண்ணன் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டே, "ஊர்ல இருக்கற பெட்டி எல்லாமா சொல்லி வச்ச மாதிரி ஒண்ணா மந்தமாகும்?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். உன் அப்பா பதில் சொல்லவில்லை. மரியாதைக்காகப் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தேன், இப்போது யோசித்தால் அவருக்கு அந்தக் கேள்வியே காதில் விழுந்திருக்காது.

முதலில் திரும்பி வந்தவர் பல் டாக்டர். நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது உன் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாரே, அவரேதான், தலை முழுக்க நரைத்துவிட்டது. நல்ல மனிதர், குறை சொல்ல வருகிறவரைப்போல இல்லாமல் குறை கேட்க வந்தவரைப்போல வாசலில் நின்றார். "தப்பா நினைக்காதீங்க, நாள் முழுக்க கிளினிக்ல ட்ரில் சத்தத்தைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியா ஒரு பாட்டுக் கேக்கலாம்னு உக்காந்தா, அங்கயும் பாட்டுக்காரம்மா ட்ரில் போடறாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அப்பா சிரிக்கவில்லை. பெட்டியை மேஜையில் வைத்துப் போட்டுக் கேட்டார், கண்ணை மூடிக்கொண்டு ரசித்துத் தலையை ஆட்டினார். "உங்களுக்கு இத்தனை நாளா மந்தமாவே கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு டாக்டர், இப்பதான் முழுசா வருது, கொஞ்ச நாள் கேளுங்க, இதுக்கப்புறம் பழசைக் கேக்கவே முடியாது" என்றார். நான் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சின்னவனே, அந்தம்மாவின் குரல் எனக்குத் தட்டில் கரண்டியால் கீறுகிற மாதிரி இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார், நான் கீழே பார்த்தேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் இன்னொருவர் வந்தார், அப்புறம் இன்னொருவர். எல்லோரிடமும் அதே பேச்சு. ஒருவரிடம் பெரிய வாக்குவாதமே ஆகி அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது, "காதுல என்னதான் வச்சிருக்காரோ" என்று முனகிக்கொண்டே போனார். அதுவும் எனக்குத்தான் கேட்டது.

எனக்கு எப்போது தெரிந்தது என்று கேட்டால், ஒரு காலை வேளையில். நான் அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், முன்னறையிலிருந்து திடீரென்று ஒரு விசில் சத்தம் கிளம்பியது, ஊசியைக் காய்ச்சிக் காதுக்குள் விட்டால் எப்படி இருக்கும், அப்படி. ஆம்ப்ளிபயரில் ஏதாவது ஒயர் இடம் மாறிவிட்டால் இப்படிக் கத்தும், நீயும் கேட்டிருப்பாய், உடனே "அணை, அணை" என்று அப்பாவே பதறுவார், வால்வு போய்விடும். நான் கத்தியைப் போட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன். எதிர்வீட்டு நாய் குரைக்கிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. உன் அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பெட்டிக்கு நேரே குனிந்து, அமைதியாக ஒரு திருகாணியைத் திருகிக்கொண்டிருக்கிறார். குளக்கரையில் உட்கார்ந்திருக்கிறவர் முகம் மாதிரி இருந்தது அவர் முகம். நான் எட்டி சுவிட்சை அணைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "ஏன் அணைச்ச? நல்லாத்தானே இருக்கு" என்றார். என் கையில் காய்ச் சாறு. "தெரியாம கை பட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, நறுக்கினதையே மறுபடியும் நறுக்கிக்கொண்டு நின்றேன்.

அப்புறம் கவனித்தால் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. அழைப்பு மணி அடித்தால் நான் நிமிர்கிறதைப் பார்த்துத்தான் அவர் நிமிர்கிறார். குக்கர் விசில் தெரியாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் இல்லை. முன்னாலிருந்து பேசினால் என் வாயையே பார்க்கிறார், நானோ பேரன் பேத்தி எடுத்த வயதில் இந்த மனுஷனுக்கு என்ன இப்படி ஒரு ஆசைப் பார்வை என்று நினைத்து வெட்கப்பட்டிருக்கிறேன், உன்னிடம் சொல்கிறேன் பார் இதையெல்லாம். நேராகச் சொன்னால் வர மாட்டார் என்று, எனக்குக் காதில் இரைச்சல், துணைக்கு வாருங்கள் என்று காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே போய், "வந்ததுதான் வந்தோம், நீங்களும் ஒரு தடவை பார்த்துக்குங்களேன்" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது சின்னவனே. அந்தப் பார்வையில் தெரிந்துகொண்டேன்.

கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் வெளியே நின்றேன். இயந்திரத்தைத் திருகுகிற பெண் ஒவ்வொரு சத்தமாக அனுப்புகிறாள். ஆரம்பத்தில் அமுக்கினார். போகப் போக அவர் கட்டைவிரல் பொத்தான் மேல் காத்துக்கொண்டே இருந்தது. அவள் திருகுகிறாள், விரல் அசையவில்லை, மறுபடி திருகுகிறாள், அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டக் டக்கென்று அமுக்க ஆரம்பித்தார், எனக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் பார்த்தேன், அந்தப் பெண்ணின் கை திருகுவதை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்து அமுக்குகிறார். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற மாதிரி. அவளும் புரிந்துகொண்டு எழுந்து, திரையை இழுத்து விட்டாள். திரை விழுந்ததும் அவர் முகம் எனக்குத் தெரியாமல் போயிற்று. நல்லதுதான்.

காது டாக்டர் ஒரு கோடு வரைந்த தாளைக் காட்டி விளக்க ஆரம்பித்தார். உன் அப்பா அதைக் கையில் வாங்கினார், விளக்கவே தேவை இருக்கவில்லை, ஆம்ப்ளிபயருக்கு அவர் போடுகிற படமும் இதே படம்தானே. கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய், அப்புறம் சறுக்குமரம் மாதிரி கீழே விழுந்திருந்தது. "இப்படி ஒரு பெட்டி என்கிட்ட வந்திருந்தா, தேறாதுன்னு திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார். பிறகு மிகவும் மரியாதையாக, "எந்தப் பாகம் போயிருக்கு டாக்டர், மாத்தறதுக்கு ஏதாவது வழி இருக்கா" என்று கேட்டார். டாக்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. நரம்பு போயிருக்கிறது, மாற்றுப் பாகம் கிடையாது, இரண்டு காதிலும் ஒன்றுபோல் இறங்குகிறது, இறங்குகிற வேகமும் சாதாரணமாக இல்லை, சீக்கிரமே பேச்சும் போய்விடும் என்றார். தாழ்ந்த சத்தம் வரும், கூர்மையான சத்தம் வராது, அதனால் பேசுகிறவர் வாயிலிருந்து உயிரெழுத்து மட்டும் காதுக்கு வரும், மெய்யெழுத்து வராது என்றார். வீட்டுக்கு வருகிற வழியில் பஸ்ஸில் உன் அப்பா, "உயிர் வருது, மெய் வரலையாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தார், சத்தமாகவே சொல்லிவிட்டார், முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். இது குடும்பத்தில் வருகிற வியாதியாகவும் இருக்கலாம் என்றார் டாக்டர், ஆகையால் நீயும் ஒரு தடவை காட்டிக்கொள், தள்ளிப்போடாதே, காதில் மாட்டிக்கொண்டு சத்தமாகப் பாட்டுக் கேட்கிற பழக்கத்தை விடு.

காதுக்குள் வைக்கிற கருவியும் வாங்கிப் பார்த்தோம். அதைப் போட்டுக்கொண்டால் நான் பேசுவது டப்பாவுக்குள் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். மறுநாள் பார்த்தால் அதைப் பிரித்து லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார், உள்ளே மட்டமான சரக்கு, இதை மேலாக்கலாம் என்கிறார். "என்னங்க, அது காதுக்குப் போடறது, உங்க கடைச் சாமான் இல்ல" என்று சத்தம் போட்டேன். மேலாக்கினார். அதற்கப்புறம் அது ஒரு காதுக்கும் உதவவில்லை.

ஆனால் ஒன்று செய்தார், அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தன் காதுக்குத் தகுந்த மாதிரி திருத்திக் கொடுத்த பெட்டிகள் எல்லாவற்றையும் திரும்ப வரவழைத்தார். என்னைப் பேச வைத்து ஒவ்வொருவருக்கும் போன் செய்தார், வர முடியாதவர்கள் வீட்டுக்குத் தானே போய் எடுத்து வந்தார். முன்னறையில் கால் வைக்க இடமில்லாமல் பெட்டிகள் அடுக்கியிருந்தன, உன் பழைய கட்டில் மேலும் நான்கைந்து. காதை நம்பாமல் மீட்டரையும் அலையைக் காட்டுகிற திரையையும் வைத்துக்கொண்டு, கண்ணால் பார்த்தே, எல்லாவற்றையும் முன்பு இருந்த அளவுக்கே கொண்டு வந்துவிட்டார். பல் டாக்டர் தன் பெட்டியைப் போட்டுக் கேட்டுவிட்டுக் கண் கலங்கி, "இதுதாங்க என் பழைய பாட்டு" என்று இவர் கையைப் பிடித்துக்கொண்டார். இவர் அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தார். அவர் போன பிறகு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "அவருக்கு நல்லா இருக்குன்னா எனக்குக் கேக்கவே இல்லைன்னு அர்த்தம்" என்றார். கொஞ்ச நாள் என்னைக் காதாக வைத்துக்கொண்டு வேலை செய்து பார்த்தார். பாட்டைப் போட்டுவிட்டு, எப்படி இருக்கு என்பார். நன்றாக இருக்கிறது என்பேன். நன்றாக என்றால் எப்படி, அடியில் அழுத்தமாக இருக்கிறதா, மேலே மினுமினுப்பு இருக்கிறதா, குரல் முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்பார். எனக்கு என்ன தெரியும், பாட்டு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான் தெரியும். "உன்கிட்டக் கேக்கறதுக்கு ஸ்பீக்கர்கிட்டயே கேக்கலாம்" என்று கோபித்துக்கொண்டார். கோபித்துக்கொண்டு உண்மையிலேயே ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அதோடு புது வேலை எதையும் வாங்குவதில்லை.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். வேலை நின்ற பிறகு அவர் ஒரே ஒரு பெட்டியை மட்டும் எடுத்துப் பிரித்தார், அவருடைய சொந்தப் பெட்டி, நீ தவழ்கிற காலத்தில் அதன் சூட்டில் கை வைத்து அழுதாயே, அது. எதற்கு என்று கேட்டேன். "அவன் பேசறது புரியல, மத்தவங்க பேசறது போனாப் போகுது, அவன் குரல் மட்டும் வந்தாப் போதும்" என்றார். அந்தக் காது டாக்டர் கொடுத்த தாளை மேஜைக்கு மேலே ஒட்டிக்கொண்டார். காதில் எங்கே குழியோ அங்கே பெட்டியில் மேடு, அதுதான் கணக்கு என்று எனக்கு விளக்கினார். காயில் அண்ணனிடம் சொல்லி டிரான்ஸ்பார்மரையே புதிதாகச் சுற்றச் சொன்னார். அவர் சுற்றிக் கொடுத்துவிட்டு என்னிடம் தனியாக, "இது மனுஷன் கேக்கற பெட்டி இல்லம்மா, வேற யாராவது கேட்டா மண்டை பிளந்துடும்" என்றார். நீ படிக்கிற காலத்தில் பேச்சுப் போட்டிக்குப் பேசிப் பழகின கேசட் ஒன்று கிடந்ததே, அதைப் போட்டுப் போட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒரு பாகத்தை மாற்றுவார், மறுபடி போடுவார். பகல் முழுக்க வீட்டில் உன் பள்ளிக்கூடத்துக் குரல்தான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு நாள் "க வருது, ச வரப் பாக்குது" என்று அடுக்களைக்கே வந்து சொன்னார். கடைசியில் போனிலிருந்து ஒரு ஒயரை இழுத்துப் பெட்டியில் கோத்து, பெரிய ஸ்பீக்கரைத் தன் நாற்காலிக்கு நேரே வைத்து, உன் போனுக்காகக் குளித்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

நீ கூப்பிட்டாய். நினைவிருக்கும் உனக்கு, எடுத்ததும் ஊளைச் சத்தம் வந்தது, "என்னம்மா சத்தம், எரிச்சலா இருக்கு" என்றாய். நான் ரிசீவரைத் தள்ளிப் பிடித்ததும் அது அடங்கியது. அப்பா பேசணும் என்கிறார் என்று நான் சொல்வதற்குள் நீ அவசரமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாய். "அம்மா, அப்பாகிட்ட இப்பச் சொல்லாத, நாங்க இங்கயே வீடு வாங்கிட்டோம், இனிமே திரும்பி வர்றது கஷ்டம், இந்த வருஷம் லீவுக்கும் வர முடியாது, அவர் மனசு எப்படித் தாங்கும்னு தெரியல, நீ மெதுவாச் சொல்லு" என்றாய். சின்னவனே, அது இந்த வீடு முழுக்கக் கேட்டது. தெரு முழுக்கக் கேட்டது. கீழே சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறார், மறுநாள் துணி வாங்கப் போனபோது, "பையன் அங்கயே தங்கிட்டாராமே" என்று விசாரித்தார். மேல்வீட்டுப் பெண் ஜன்னலைச் சாத்தினாள். உன் ஒவ்வொரு எழுத்தும் என் நெஞ்சில் வந்து மோதியது. அந்த ஸ்பீக்கருக்கு ஒரு கை தூரத்தில், உன் அப்பா இரண்டு கையையும் தொடையில் வைத்துக்கொண்டு, முகத்தைச் சாய்த்து, அப்படி ஒரு சிரிப்போடு கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே தலையாட்ட வேண்டும் என்று என்னைப் பார்த்துக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன், அவரும் ஆட்டினார். ரிசீவரை வாங்கி "ம், ம்" என்றார். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நீ வைத்த பிறகு எழுந்து பெட்டியை அணைத்தார். "சத்தம் வருது. பையன் வரல" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, கேட்டுவிட்டது போலிருக்கிறது, நீ வர மாட்டாய் என்று புரிந்துகொண்டுவிட்டார் போலிருக்கிறது என்று அப்படியே நின்றேன். அப்புறம் அவர், "சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ பேசற மாதிரி இருக்கு, அவன்தான்னு நீ சொல்றதால தெரியுது" என்றார். என்ன சொன்னான் என்று கேட்டார். எல்லோரும் நன்றாக இருக்கிறார்களாம், குழந்தை தவழ்கிறதாம் என்றேன். லீவுக்கு எப்போது வருகிறானாம் என்று கேட்டார். அடுத்த போனில் சொல்கிறானாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அன்றைக்கு நீ சொன்னதை நம் தெருவில் கேட்காதவர் அவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு நீ கூப்பிட்டபோது இரண்டு மூன்று தடவை வந்து ரிசீவரைக் காதில் வைத்து "ம்" என்று சொல்லிப் பார்த்தார், நீ ஏதாவது கேள்வி கேட்டு அவர் தப்பாக "ம்" சொல்லிவிடப் போகிறார் என்று பயந்து வருவதை நிறுத்திவிட்டார். நீ அதைக் கோபம் என்று நினைத்துவிட்டாய். உன் மேல் தப்பு இல்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

நேற்றுக் காலையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிறுத்துகிறேன். காப்பி குடித்துவிட்டு ரொம்ப நாளைக்கப்புறம் அந்தப் பெட்டியைப் போட்டார். வால்வு எல்லாம் சூடேறியது. கேசட்டைப் போட்டார். காத்திருந்தார். பியூஸைக் கழற்றிப் பார்த்து மாட்டினார். ஸ்பீக்கர் ஒயரை ஆட்டிப் பார்த்தார். மீட்டரை எடுத்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்திருக்கும், நெற்றியைச் சுருக்கிக்கொண்டே இருந்தார். நான் காதைப் பொத்திக்கொண்டு கதவருகே நின்றிருந்தேன், பேச்சுப் போட்டிக் குரலில் நீ முழங்கிக்கொண்டிருக்கிறாய். அவர் திரும்பி, பொத்திய என் கைகளைப் பார்த்தார். "பேசறானா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். "சரி" என்றார். கேசட் முடிகிற வரைக்கும் அணைக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

வீட்டு விஷயத்தை நான் அவரிடம் சொல்லவா, நீயே எழுதுகிறாயா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிக் காட்டினால் படிப்பார், கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதை எழுதிக் காட்டுவது, அவர் இந்தப் பாடுபட்டது உன் குரலுக்காக, எழுத்துக்காக இல்லை. நீ ஓடி வர வேண்டும் என்று எழுதவில்லை, உன் வேலை, வீடு, குழந்தை எல்லாம் எனக்குத் தெரியும், வந்தாலும் எதைக் கொண்டு வந்து கொடுப்பாய். மனசில் அப்பா வெறுத்துவிட்டார் என்கிற பாரம் இருந்தால் அதை மட்டும் இறக்கி வைத்துவிடு. மருமகளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. குளிர் காலத்தில் குழந்தைக்குக் காதை மூடித் துணி கட்டாமல் வெளியே தூக்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், வாங்கின வீட்டில் விளக்கு அணையாமல், ஒருவருக்கொருவர் பேசிச் சிரித்துக்கொண்டு நீண்ட நாள் இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. போனில் கூப்பிடும்போது அப்பாவைக் கொடு என்று கேட்காதே. கேட்டால் நான் அவரைப் பார்த்துக் கையசைக்க வேண்டியிருக்கும், அசைத்தால் அந்தப் பயத்தையும் மறந்து அவர் எழுந்து வந்துவிடுவார்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா